கடலுக்குப் போய்த் திரும்பிய நல்ல தண்ணீர்

மேடம் கைப்பையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். எங்கே, யார் தண்ணீர் கொடுத்தாலும் அந்த டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லேசாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் மிதக்கவில்லை என்றால் குடிப்பார். மிதந்தால் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்கு என் மனைவி அவரைச் சாப்பிட அழைத்திருந்தாள். பந்தியில் தண்ணீர் ஊற்றியதும் அந்த டம்ளர் பையிலிருந்து வெளியே வந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். அப்புறம் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீரை மட்டும் கடைசி வரை தொடவில்லை.

என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் ஜனங்கள் கையால் தண்ணீர் வாங்காத வீடுகளை அவள் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறாள். "சோறு துன்னாங்க. தண்ணி மட்டும் ஆகலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

இது எப்படி அவர் காதுக்குப் போனதோ, மறுநாள் சாயந்திரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு டார்ச் லைட். என் மனைவியைச் சபைக்கு அழைத்துப்போய், தண்ணீர் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மின் மூடியைத் திறந்து வெளிச்சம் அடித்துக் காட்டினார். உள்ளே நூல் நூலாக எதுவோ மிதந்தது. "அக்கா, உங்க கைத்தண்ணி இல்ல. இந்த டிரம்முதான். நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல, மன்னிச்சிக்கோங்க" என்றார். அப்படியே வீட்டுக்கு வந்து, எங்கள் அடுப்படிக் குடத்தில் இருந்த தண்ணீரைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் குடித்தார். அன்றிலிருந்து என் மனைவிக்கு அவர் தங்கச்சி மாதிரி. டிரம்மை அடுத்த வாரமே சபைக்காரர்கள் தேய்த்துக் கழுவிவிட்டார்கள்.

நான் திருப்பதியில் சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். பூர்வீகம் சித்தூர் மாவட்டம், பாலசமுத்திரம் பக்கம். பத்தாவது வரை தெலுங்கில் படித்தேன்; தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வந்தது. அவர் நகரிக்காரர், நெசவு வீட்டுப் பெண். திருப்பதியில் ஒரு லேபில் காண்ட்ராக்ட் வேலை. தமிழ் பேசுகிற டிரைவர் வேண்டும் என்று யாரிடமோ கேட்டு என்னிடம் வந்தார். நான் மேடம் என்பேன். அவர் அண்ணா என்பார். பேரை இங்கே எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது.

சித்தூர்க்காரனுக்குக் கடல் ஏது? மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனியாக்கியபோது கடலோரம் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் கடலுக்குத்தான் மாதம் ஒரு தடவை போவோம். ஜூன் தொடங்கி மே முடிய, பன்னிரண்டு தடவை.

அவர் வேலை கடலுக்குள் கிடக்கிற எதையும் பற்றியது அல்ல. மேலாக மிதக்கிறதையும் கரைந்திருக்கிறதையும் பற்றியது. "கடலுக்கு ஒரு தோல் இருக்குதுண்ணா. பால் காய்ச்சினா ஆடை கட்டுதே, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாது" என்பார். அந்தத் தோலை எடுக்க ஸ்லேட்டு அளவில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். படகின் மூக்கில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நேராகக் கடலில் இறக்கி, மெதுவாக மேலே எடுப்பார். அதில் ஒட்டி வருகிற ஈரத்தை ரப்பர் பட்டையால் வழித்து பாட்டிலில் விடுவார். ஒரு தடவைக்கு நாலு சொட்டு வரும். மறுபடி இறக்குவார். ஒரு பாட்டில் நிறைவதற்குள் நான் எத்தனையோ தடவை எண்ண ஆரம்பித்து எண்ணிக்கையை விட்டிருக்கிறேன்.

அப்புறம் தனியாகக் கேனில் கடல் தண்ணீர் எடுத்து வந்து கரையில் வடிகட்டுவார். ஒரு குடம் கடல் வடிந்தால், ரூபாய் நாணயம் அளவுள்ள வெள்ளைத் தாளில் பச்சையும் பழுப்புமாக ஒரு பொட்டு நிற்கும். "இதுதாண்ணா மீனுக்குச் சாப்பாடு. நம்ம ஊரு சாக்கடையும் இதுக்குள்ளயே இருக்குது. எது எவ்வளவுன்னு பிரிக்கிறதுதான் என் வேல" என்று ஒரு நாள் சொன்னார்.

கடலுக்குப் போகிற மூன்று நாள் முன்பிருந்தே தலைக்கு எண்ணெய் கிடையாது. பவுடர் இல்லை, கிரீம் இல்லை, பூ இல்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்தித் துணிதான் உடுத்துவார். நம் எண்ணெய் எடுக்கிற தண்ணீரில் கலந்துவிடக் கூடாதாம். அவர் குடியிருந்த தெருவில், ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படகில் கூட வருகிற எனக்கும் அதே சட்டம். ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை வறண்ட தலையோடு சபைக்குப் போனேன். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று மூன்று பேர் துக்கம் கேட்டார்கள். கிளம்பும் முன் நான் ஸ்டீயரிங்கில் தலை வைத்து ஜெபம் பண்ணுவேன். அவர் கதவைப் பிடித்தபடி காத்திருப்பார். ஒரு நாள் ஐஸ் பெட்டி மேலும் கை வைத்து ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "பண்ணுங்கண்ணா. கைல எண்ணெய் மட்டும் வேணாம்" என்றார்.

எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒன்று, அந்தக் கூடுதல் பாட்டில். பழுப்புக் கண்ணாடியில் ஒரு லிட்டர். லேபில் காய்ச்சி, வடித்து, இன்னும் என்னென்னவோ செய்து, உள்ளே ஒரு துரும்பும் இல்லாமல் எடுத்த தண்ணீர். அதைக் கடலுக்குக் கொண்டுபோவார். படகில் மற்ற பாட்டில்களைத் திறக்கும்போது அதையும் திறந்து வைப்பார். மூடும்போது மூடுவார். அப்படியே திரும்பக் கொண்டுவந்து, கடல் தண்ணீருக்குச் செய்கிற எல்லாச் சோதனையையும் அதற்கும் செய்வார். அதற்கு பிளாங்க் என்று பேர் சொன்னார். நான் சும்மாத் தண்ணீர் என்பேன். நல்ல தண்ணீரைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வருவானேன்?

"கடல்ல இன்னா இருக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, என் கைல இன்னா இருக்குதுன்னு தெரியணும் இல்ல? இந்தத் தண்ணில எது வந்திருந்தாலும் அது கடலோடது இல்ல, என்னோடது. அத முதல்ல கழிக்கணும்" என்றார்.

அதுதான் அவர். எந்தக் காரியத்திலும் முதலில் தன் கை அழுக்கைத் தேடுவார். வேன் பஞ்சர் ஆனால், நான் கல்லான இடத்தில் நிறுத்தச் சொன்னேனா என்று கேட்பார். லேபில் மெஷின் நின்றால், நேற்று நான்தான் கடைசியாகத் தொட்டேன் என்பார். அவரோடு வேலை செய்கிறவர்களுக்கு இது வசதியாக இருந்ததென்று நினைக்கிறேன். எனக்குப் பல சமயம் கோபம் வரும்.

இது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை நாயுடுபேட்டை தாண்டி டீ குடிக்கும்போது தானாகச் சொன்னார். நகரியில் அவர் அப்பாவுக்கு நாலு பவர்லூம். தகரக் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. காலையில் அது வழியாக வெயில் கோலாக இறங்கும். அந்தக் கோலுக்குள் மட்டும் பஞ்சு பறப்பது தெரியும். "வெளியில காத்து சுத்தமா இருக்குது, அந்த வெயில்ல மட்டும்தான் பஞ்சு இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா. எல்லா எடத்துலயும் இருந்துச்சு. நைனா நெஞ்சுலயும் இருந்துச்சு." டீ டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

எங்களைக் கடலில் கொண்டுபோகிற படகுக்காரர் ஐம்பது வயதுக்கு மேல். அவர்கள் குப்பத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். வலையில் வழவழவென்று ஏதோ ஏறுகிறது, கடல் கெட்டுவிட்டது என்று வெளியாட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கெட்ட கடல் மீனை யார் வாங்குவார்கள் என்ற பயம் குப்பம் முழுக்க இருந்தது. படகுக்காரர் மாதா மாதம் கேட்பார்: "கடல் போயிடுச்சாம்மா?" மேடமும் மாதா மாதம் அதே பதில் சொல்வார்: "பன்னெண்டு மாசம் ஆகட்டும்ண்ணா. அரைகுறையா சொல்லமாட்டேன்." அந்தப் பதிலைக் கேட்டு அவர் பீடியைப் பற்ற வைக்கப் போவார். படகில் பீடி கூடாது என்பது ஞாபகம் வந்து காதில் சொருகிக்கொள்வார்.

பன்னிரண்டாவது மாதம் மே. அன்றைக்குத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மீன்பிடித் தடைக் காலம். எங்கள் படகு மட்டும் அனுமதிக் கடிதத்தோடு போய் வந்தது. கரையில் ஒரு ஜனம் இல்லை. வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தது. மேடம் கேன்களை எடுத்துக்கொண்டு அரை மைல் தள்ளி இருந்த பள்ளிக்கூடத்துக்கு வடிகட்டப் போய்விட்டார். அங்கேதான் கரண்ட் இருந்தது. கடைசிப் பெட்டியை நான் கொண்டுவர வேண்டும். அதில்தான் அந்தச் சும்மாத் தண்ணீர் இருந்தது. இதை மட்டும் நீங்கள் திறக்கவேண்டாம் என்று எப்போதும் போல அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

படகுக்காரர் தனியாகப் படகை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். நான் போய்க் கை கொடுப்பதற்குள் அப்படியே மடங்கி மணலில் விழுந்தார். கண் மேலே சொருகிவிட்டது. உடம்பு கொதித்தது, வியர்வையே இல்லை. நிழலுக்கு இழுத்துப் போட்டு, குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்துப் பார்த்தேன். காலி. கத்திப் பார்த்தேன், யாரும் வரவில்லை. மேலுக்குக் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். வாய்க்கு?

பழுப்பு பாட்டிலைத் திறந்தேன். தலையை மடியில் வைத்து, உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கண் திறந்தது. எழுந்து உட்கார்ந்து பாட்டிலைப் பிடுங்கி முக்கால்வாசி குடித்தார். அப்புறம் சொன்னார்: "இன்னா தண்ணிண்ணா இது? ருசியே இல்ல."

அவரைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டு விட்டேன். திரும்பி வரும்போது குப்பத்துப் பெட்டிக்கடையில் மூன்று வாட்டர் பாக்கெட் வாங்கினேன். கிழித்து அந்த பாட்டிலில் ஊற்றி மூடினேன். சத்தியமாக எனக்கு அப்போது அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. சும்மாத் தண்ணீர் போனது, சும்மாத் தண்ணீர் வந்தது. இதுவும் சுத்தம் என்றுதான் அந்தப் பாக்கெட் மேலேயே போட்டிருக்கிறது.

சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் மேடம் வடிகட்டுகிற பம்போடு போராடிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டார். காளஹஸ்தி வந்தபோது சொல்ல நினைத்தேன், பன்னிரண்டும் முடிந்த சந்தோஷத்தில் தூக்கத்திலும் அவர் முகம் தெளிவாக இருந்தது. விட்டுவிட்டேன். அப்படி ஒரு நாள் விட்டது ஒரு வாரமாகி, மூன்று வாரமாகிவிட்டது.

நான்காம் வாரம் மேடத்தைப் பஸ் நிலையத்தருகே பார்த்தேன். மொட்டைத் தலை. திருப்பதியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; நான் பார்த்தேன். இடுப்பு வரை இருந்த முடி.

"வேண்டுதலா மேடம்?" என்று கேட்டேன்.

"சாமிக்கும் ஆச்சு, பிளாங்க்குக்கும் ஆச்சுண்ணா" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி மாதத்துச் சும்மாத் தண்ணீரில் கடலில் இருப்பதைவிட அதிக அழுக்கு வந்திருக்கிறது. பாட்டில்களை மறுபடி கழுவினார், அடுப்பில் சுட்டார், கையுறை மாற்றினார், சோப்பு மாற்றினார். எங்கே என்று பிடிபடவில்லை. கடைசியில், முடியில் ஊறின பழைய எண்ணெயாகத்தான் இருக்கும் என்று மலைக்குப் போய்க் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் இப்படி என்றால் மற்றப் பதினொன்றும் எப்படியோ, தன் கை நம்பக்கூடிய கை இல்லை, எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள் என்று லேபின் பெரிய சாருக்கு எழுதி வைத்திருந்தார். மறுநாள் கொடுக்கப் போகிறார். கொடுத்தால் காண்ட்ராக்டும் அதோடு போகும். "குப்பத்துல அவருக்கு இன்னா பதில் சொல்வேன்னுதான் தெரியல. வருஷம் பூரா கேட்டுக்கினே இருந்தாரு" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முந்தின ஞாயிறே சபையில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததை என் மனைவி பார்த்திருந்தாள், கேட்கவில்லை. இப்போது கேட்டாள். சொன்னேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. பாக்கெட்டை ஊற்றி மூடியதுதான் உள்ளே மிதந்துகொண்டிருந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவே போ. சாப்பாடு அப்புறம்" என்றாள்.

மேடம் வீட்டு வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"மேடம், அந்த பாட்டில்ல இருந்தது உங்க தண்ணி இல்ல."

என்னையே பார்த்தார். "பின்ன?"

"வாட்டர் பாக்கெட். மூணு." நடந்ததெல்லாம் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, முதல் கேள்வியாக இதைக் கேட்டார்: "பாக்கெட்ட எதால கிழிச்சீங்க?"

"பல்லால."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "முடிய சாமி எடுத்துக்கினாரு, அவர்கிட்ட திருப்பிக் கேக்க முடியாது" என்றார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "அவருக்கு இப்ப எப்படிண்ணா இருக்குது?"

நன்றாக இருக்கிறார் என்றேன். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அங்கேயே எழுதினார். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். மே மாத பிளாங்க் தாகத்துக்குக் கொடுக்கப்பட்டது. மே மாதக் கணக்கு எடுபடாது. தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். மே மாத வெயிலுக்கு ஒரே ஒரு கேன் குடிதண்ணீர்தான் கொண்டுபோயிருந்தேன் என்று காரணமும் போட்டிருந்தார். நான் சண்டை போட்டேன். "நீங்களும் எழுதணும்னா தனி நோட்டு வாங்கிக்கோங்க" என்றார். பெரிய சாருக்கு எழுதியதை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். பதினொரு மாதமும் நிற்கும். அந்த ஒரு மாதத்துக்கு அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும் என்று மட்டும் மேலதிகாரிகளிடம் சொன்னார். முணுமுணுத்தார்கள், விட்டார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் எழுந்து போய்த் திருவிருந்து வாங்கினேன்.

அடுத்த மேயும் முடிந்து, பன்னிரண்டும் ஒன்று சேர்ந்து பதில் வந்தபோது, மேடம் குப்பத்தில் மணலில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னார். வழவழப்பு சாக்கடை இல்லை; கடலிலேயே முளைக்கிற பாசி விடுகிற எச்சில், அதைத் தின்றுதான் இறால் குஞ்சு வளர்கிறது. மழை மாதங்களில் ஆறு கொண்டுவருகிற அழுக்கு உண்மைதான், அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள், எழுதித் தருகிறேன். ஆனால் கடல் போகவில்லை. எழுதியும் கொடுத்தார். பிறகு வேறு வேலை கிடைத்து வடக்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு என் மனைவிக்கு போன் வரும். முடி தோள் வரை வளர்ந்திருக்கிறதாம்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்குக் கண் முன்னால் வருவது அந்த இரண்டாவது மே மாதக் காலைதான். இந்தத் தடவை வேனில் நாலு கேன் குடிதண்ணீர். படகுக்காரர் எங்களுக்கு முன்பே கரையில் நின்றிருந்தார். குளித்திருந்தார். தலை வறண்டிருந்தது, மூன்று நாளாக அவரும் எண்ணெய் வைக்கவில்லையாம். காதில் பீடி இல்லை. கையில் ஒரு செம்பு.

"போன வருஷம் உன் தண்ணிய நான் குடிச்சிட்டேன். இது எங்க ஊத்துத் தண்ணிம்மா. விடியறப்பவே தோண்டி எடுத்தேன்" என்று நீட்டினார்.

மேடம் பையைத் திறந்தார். வெள்ளைத் துணியைப் பிரித்தார். டம்ளரில் ஊற்றி, அப்போதுதான் மேலே வந்த சூரியனுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. மணல் தூள் பொன் மாதிரி சுற்றிச் சுற்றி எழும்பிக்கொண்டிருந்தது. படகுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

அவர் முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ருசியா இருக்குதுண்ணா" என்றார். டம்ளரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "வாங்க, காத்து எழும்பறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்."